போட்டுப் பார்க்க ஒரு காது

ஐம்பத்து மூன்று வயது ஆண்பிள்ளை புதிதாக ஒரு பழக்கத்தைத் தொடங்கினால் அக்கம்பக்கத்தில் இரண்டு நாள் பேச்சு இருக்கும். நடக்கப் போனால் சர்க்கரை வந்துவிட்டது என்பார்கள். கோயிலுக்குப் போனால் பணத்தை எங்கேயோ விட்டுவிட்டான் என்பார்கள். நான் கம்மல் செய்ய ஆரம்பித்தேன். அதற்கு என்ன சொல்வதென்று பெங்களூர் ஆஸ்டின் டவுனில் யாருக்கும் தெரியவில்லை. மூன்று வருஷமாகியும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

தொழிலாகச் செய்யவில்லை. விற்பதற்கு எனக்குத் திராணி கிடையாது. மாதத்துக்கு ஒரு ஜோடி, மழை விடாமல் பெய்தால் இரண்டு. எல்லாம் ஒரே ஆளுக்கு: புனேயில் இருக்கும் என் பெண்ணுக்கு.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு வருஷம் என்னோடு இதே வீட்டில் இருந்தாள். நானும் அவள் அம்மாவும் பிரிந்து அதற்குள் நாலு வருஷம் ஆகியிருந்தது. அவள் அம்மா வேலூரில். பெங்களூரில் ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லை என்பதுதான் பெண் என்னோடு தங்கியதற்கான அதிகாரபூர்வமான காரணம். என் சமையல் அதைவிட மோசம் என்று முதல் வாரத்திலேயே தெரிந்தும் அவள் போகவில்லை. பிறகு புனேயில் நல்ல வேலை கிடைத்தது. எடுத்துப்போக இடமில்லாத சாமான்களை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். அதில் ஒன்று பிளாஸ்டிக் டப்பா. உள்ளே பதினெட்டு அறைகள். மணிகள், கம்பி, குட்டிக் குட்டி வளையங்கள், காதுக் கொக்கிகள், இரண்டு குறடுகள். லீவு நாட்களில் உட்கார்ந்து எதையோ கோத்துக்கொண்டிருப்பாள். முடித்து நான் பார்த்ததில்லை.

பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் இருபத்து நாலு வருஷம் தரக் கட்டுப்பாட்டில் இருந்தவன் நான். பியரிங் வளையங்கள் சரியான அளவில் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டு ஒட்டுவது என் வேலை. நூற்றுக்கணக்கான நல்ல மனிதர்களின் நாட்களை அந்தச் சிவப்புச் சீட்டால் கெடுத்திருக்கிறேன். அப்படிப்பட்டவனுக்கு நீல மணியும் பச்சை மணியும் ஒரே அறையில் கலந்து கிடப்பதைச் சகித்துக்கொள்ள முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரித்து அடுக்க உட்கார்ந்தேன். அடுக்கி முடித்தபோது மத்தியானம் மூன்று மணி. அன்றைக்கு நான் யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை என்பதும், அது எனக்கு மூன்று மணி வரைக்கும் தெரியவில்லை என்பதும் ஒரே நேரத்தில் உறைத்தன. அடுத்த ஞாயிறு ஒரு ஜோடி செய்து பார்த்தேன்.

அந்த முதல் ஜோடியை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பித்தளைத் தகட்டை இலை வடிவத்தில் வெட்டி, அரம் போட்டு, ஓட்டை போட்டு, கீழே ஒரு பச்சை மணி தொங்கவிட்டிருந்தேன். இரண்டு இலைகளுக்கும் நடுவே பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கூட வித்தியாசமில்லை. அதை அளந்து பார்த்தது நான் ஒருவன்தான், உலகத்தில் வேறு யாரும் கம்மலை வெர்னியர் அளவுகோலால் அளக்க மாட்டார்கள். வெள்ளைத் தாளில் படுக்கவைத்துப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். 'அப்பா சூப்பர்' என்று எழுதி மூன்று இதயங்கள் போட்டாள். மறுநாளே கூரியரில் போட்டேன்.

மூன்று இதயங்கள் ஓர் ஆளை எவ்வளவு தூரத்துக்குக் கொண்டுபோகும் என்பதை யாராவது ஆராய்ந்தால் நல்லது. என்னை மூன்று வருஷம் கொண்டுபோயிற்று. இலையில் தொடங்கி மீன், பாதி நிலா, நீர்த்துளி, வெறும் கோடு போட்ட சதுரம் என்று போனேன். ஒவ்வொன்றுக்கும் இதயங்கள் வந்தன. எண்ணிக்கை கூடவுமில்லை, குறையவுமில்லை.

கம்மல் போக ஆரம்பித்த பிறகு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு எங்களுக்கு வீடியோ கால் என்று வழக்கமாயிற்று. அவள் வேலை, அங்கே தண்ணீர் கஷ்டம், இங்கே தண்ணீர் கஷ்டம், சாப்பிட்டாயா, சாப்பிட்டீர்களா. அவள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் அவள் காதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதில் ஒரு சின்னத் தங்கப் பொட்டு. ஒவ்வொரு வாரமும் அதே பொட்டு. சில வாரம் முடியை முன்னால் விட்டிருப்பாள். அன்றைக்கு எனக்கு நம்பிக்கை அதிகமாக இருக்கும். முடியை ஒதுக்குவாள், பொட்டு. சில வாரம் காது முழுக்க மூடிய ஹெட்போன். ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டில் தொங்கட்டான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போவாளாயிருக்கும் என்று சொல்லிக்கொள்வேன். தீபாவளிக்கு ஆபீசில் எடுத்த படம் அனுப்பினாள். பட்டுப்புடவை. பெரிதாக்கிப் பார்த்தேன். பொட்டு.

கேட்டிருக்கலாம். "ஏன்டா, ஒண்ணையாவது போட்டுப் பார்த்தியா?" என்று ஒரு வரி. சிவப்புச் சீட்டு ஒட்டுவதற்கு என்றைக்குமே தயங்காதவன், தனக்கு ஒட்டிவிடுவார்களோ என்று பயந்தேன். அவளுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒருமுறை அவளுக்கு அனுப்ப என்னிடம் வேறு எதுவும் இல்லை. அறிவுரை அனுப்பலாம். அது கூரியர் இல்லாமலே போகும், திரும்பியும் வரும்.

எனவே என் பொருளில்தான் குறை என்று முடிவு செய்து மணிகளை மாற்றிக்கொண்டே இருந்தேன். இதற்காக மாதம் ஒருமுறை சிக்பேட்டைக்குப் போவேன். துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பிப் போக வேண்டிய அளவுக்குக் குறுகலாக ஒரு மணிக்கடை. கல்லாவில் நாற்பது வயதுப் பெண்மணி. வீட்டில் கன்னடம், கடையில் எதிரில் நிற்பவரின் பாஷை. முதல் நாளே கேட்டாள்.

"மேடத்துக்கா அண்ணா?"

கடையில் என்னைத் தவிர எல்லாரும் பெண்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஆமாம்" என்றேன். ஒரு சொல்லில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். மணிக்கடைப் பொய்கள் அப்படி முடிவதில்லை.

"அக்கா கிளாஸ் போறாங்களா? வீட்லயே கத்துக்கிட்டாங்களா?"

"வீட்லதான்."

"கெட்டிக்காரி. அவங்களையும் கூட்டிட்டு வாங்கண்ணா ஒரு நாள்."

"அவளுக்குக் கூட்டம் ஆகாது."

இப்படியாக எனக்கு ஒரு மனைவி அமைந்தாள். கெட்டிக்காரி, கூட்டம் ஆகாது. ஆறு மாதத்தில் அவளுக்கு ரோஸ் நிறம் பிடிக்காமல் போயிற்று. பிளாஸ்டிக் மணியைக் கொடுத்தால் திருப்பி அனுப்புகிற கறார் வந்தது. எனக்கே அவளிடம் கொஞ்சம் பயம் வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா தெரியாது. உண்மையான கல்யாணத்தில் நான் இவ்வளவு கவனித்து நடந்ததில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

போன மார்ச்சில் கொக்கிகள் வாங்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்மணி பொட்டலம் மடித்தபடியே கேட்டாள்.

"அண்ணா, கேக்கணும்னே இருந்தேன். அக்கா யாருக்குச் செய்யறாங்க? அவங்களே போட்டுக்கறதா?"

"எங்க பொண்ணுக்கு."

"பொண்ணுக்குக் கவரிங் ஒத்துக்குமா?"

"ஒத்துக்கும்."

"அப்போ சரி. சில பேருக்கு இந்தக் கொக்கி ஆகவே ஆகாது. என் நாத்தனாருக்கு அரை மணி நேரம் போட்டாப் போதும், காது பழுத்துடும். அவளுக்குத் தங்கம், விட்டா நல்ல வெள்ளி. உங்க பொண்ணு விஷயம் அவ அம்மாக்குத் தெரியும் பாருங்க, பாத்துத்தான் வாங்கச் சொல்லியிருப்பாங்க."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். சந்தில் எதிரே வந்தவருக்கு வழிவிட மறந்து நின்றதற்காகத் திட்டு வாங்கினேன். ஒத்துக்கும் என்று அத்தனை உறுதியாகச் சொன்னேனே, எனக்கு எப்படித் தெரியும்? பெண் பிள்ளையைப் பெற்றவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிற விஷயம் இது. கவரிங் ஒத்துக்குமா ஒத்துக்காதா. என் பெண்ணுக்கு எந்த ரத்த வகை என்று கேட்டால் சொல்வேன். காது எந்த வகை என்று தெரியாது. அவளுக்குக் காது குத்திய அன்று நான் பீன்யாவில் இருந்தேன். வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு வந்திருந்தார்கள். சாயங்கால பஸ்ஸில் வேலூர் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு எடுத்துவைத்திருந்த சாப்பாட்டைச் சாப்பிட்டேன். காதுகுத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்தச் சாப்பாடு மட்டும்தான்.

வேலூருக்கு போன் செய்து கேட்கலாம். எங்களுக்குள் பேசுவதில் தடை ஒன்றும் இல்லை, பேசுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. இப்போது ஒன்று கிடைத்திருந்தது. ஆனால் கேட்டால், அங்கிருந்து "இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?" என்று வரும். போன் செய்யாமலே அது எனக்குக் கேட்டது. பெண்ணிடம் கேட்பதும் அதேதான். மூன்று வருஷம் கம்மல் அனுப்பிவிட்டு, உனக்குக் கம்மல் ஒத்துக்குமா என்று எந்த முகத்தோடு கேட்பது?

பொருளைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அப்போதுதான் இன்னொரு விஷயம் பிடிபட்டது. இத்தனை வருஷத்தில் நான் செய்த ஒரு கம்மலைக்கூட ஒரு காதிலும் தொங்கிப் பார்த்ததில்லை. எல்லாம் வெள்ளைத் தாளில் படுத்துக்கிடந்தவை. தொழிற்சாலையில் ஒருவன் இப்படி சோதிக்காத சரக்கை அனுப்பியிருந்தால் நான் அவனை என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

கீழ்த்தளத்தில் ஹவுஸ் ஓனர் அம்மாள் இருந்தார். மூன்று தலைமுறையாக ஆஸ்டின் டவுன். அவர் காதில் வைரத்தோடு. போய், தயங்கித் தயங்கி, ஒரே ஒரு நாள் இதைப் போட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அவர் கம்மலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"நெஜமாவே நீயா தம்பி பண்ணே? தெருவுல சொன்னப்ப நான் நம்பல. மேல டொக்கு டொக்குனு சத்தம் கேட்டுட்டே இருக்கும். பீரோ ரிப்பேர் பண்றேன்னு நெனச்சேன்."

"ஒரு நாள் போதும்மா."

"நான் எப்படிப்பா போட? இது கல்யாணத்தன்னிக்குப் போட்டது. கழட்டினதே இல்ல. கழட்டக்கூடாது, அவருக்கு ஆகாது." உள்ளே அவர் கணவர் டீவி பார்த்துக்கொண்டிருந்தார். "அதுவும் இல்லாம திருகு இறுகிப் போச்சு. கழட்டணும்னா பத்தர்கிட்டதான் போணும். நீலசந்திராவில ஒருத்தர் இருக்கார், நல்ல கை. சின்னப் பசங்களுக்கெல்லாம் அவர்தான் காது குத்துவார்."

அவர் சொன்ன கடைசி வாக்கியம் எனக்கான யோசனை இல்லை. நான்தான் அப்படி எடுத்துக்கொண்டேன்.

எனக்கும் சின்ன வயதில் காது குத்தியிருந்தது. எங்கள் பக்கம் பையன், பெண் என்ற வித்தியாசம் இல்லை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்து மொட்டையும் போட்டு ஒரே நாளில் வேலையை முடித்துவிடுவார்கள். பள்ளிக்கூடம் போனதும் கழற்றியாயிற்று. துளை எப்போதோ தூர்ந்துவிட்டது. நீலசந்திரா பத்தர் கட்டைவிரலால் என் காதுமடலை உருட்டிப் பார்த்தார். கடையில் இன்னொரு குடும்பமும் இருந்தது. ஒரு வயதுக் குழந்தை, அம்மா, மாமன்காரன். பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கு. குழந்தை வந்ததிலிருந்து கத்திக்கொண்டிருந்தது.

"யாருக்கு சார்?" என்றார் பத்தர், என் காதைப் பிடித்துக்கொண்டே.

"எனக்குத்தான்."

"தழும்பு இருக்கு. அதே எடத்துல குத்திடலாம். ரெண்டுமா?"

"ஒண்ணு போதும்."

"ஒண்ணா?" கொஞ்சம் யோசித்தார். "ஃபேஷனா சார்?"

"டெஸ்டிங்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. மாமன்காரன் எழுந்து, "நீங்க முதல்ல குத்திக்கோங்க சார், இவ பாத்துத் தைரியமாயிடுவா" என்றான். ஆக, நான் முன்மாதிரியானேன். முக்காலியில் உட்கார்ந்தேன்.

"மடி வேணுமா சார்?" என்றான் மாமன்காரன். அவன் அக்கா அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

ஊசி இறங்கியபோது நான் சத்தம் போடவில்லை. குழந்தை கத்துவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது. ஒரு தங்கக் கம்பியை வளைத்து மாட்டிவிட்டு, ஒன்றரை மாதம் கழற்றக்கூடாது, ஆறிய பிறகும் எதையாவது போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், சும்மா விட்டால் மறுபடி மூடிக்கொள்ளும் என்றார் பத்தர். கண்ணாடி காட்டினார். கடல் கொள்ளைக்காரனாகத் தெரிவேன் என்று ஒரு சின்ன ஆசை இருந்தது. அடகு வைத்த கம்மலில் ஒன்றை மட்டும் மீட்டவன் மாதிரி இருந்தேன்.

அந்த ஒன்றரை மாதமும் ஞாயிற்றுக்கிழமைகள் சிக்கலாயின. முதல் வாரம் இடது காது தெரியாதபடி பக்கவாட்டில் உட்கார்ந்தேன். "ஏம்ப்பா போலீஸ் போட்டோ மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள். அடுத்த வாரம் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டேன்.

"ஏப்ரல்ல என்னப்பா குல்லா?"

"பெங்களூர்ல குளிருது."

"போன தடவைதான் வெயில் தாங்கலன்னீங்க."

"அது போன தடவை."

அவள் முடியை முன்னால் விட்டுக்கொண்டிருந்தாள். நான் குல்லாவில் இருந்தேன். இரண்டு பேரும் காதைக் காட்டாமல் அரை மணி நேரம் தண்ணீர் கஷ்டம் பேசினோம்.

துளை ஆறியது. ஒரு சனிக்கிழமை காலை, தங்கக் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, முதன்முதலில் செய்த அதே இலை மாதிரியில் புதிதாக ஒன்று செய்து காதில் மாட்டினேன். கண்ணாடி முன்னால் போனேன். இலையைக் காணோம்.

காதில்தான் இருந்தது. திரும்பிக்கொண்டிருந்தது. தாளில் படுக்கும்போது அகலமாகத் தெரிகிற இலை, காதில் தொங்கும்போது தாடையைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறது. எதிரில் நிற்பவருக்குத் தெரிவது தகட்டின் ஓரம் மட்டும், ஒரு கோடு. கொக்கிக்கும் இலைக்கும் நடுவில் இன்னொரு வளையம் போட்டிருந்தால் நேராகப் பார்த்திருக்கும். கம்மல் போடுகிற யாரைக் கேட்டிருந்தாலும் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. முப்பதுக்கு மேற்பட்ட ஜோடிகள், எல்லாம் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் சுத்தம், எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டவை. கண்ணாடிக்கு முன்னால் நின்று தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். அதுவும் ஆடிவிட்டு மறுபடி திரும்பிக்கொண்டது.

சாயங்காலம் அரிக்க ஆரம்பித்தது. இரண்டு நாள் வைத்துப் பார்ப்பதுதான் சோதனை, எனவே கழற்றவில்லை. மறுநாள் காலையில் காதுமடல் வீங்கி, வெந்த தக்காளித் தோல் மாதிரி பளபளத்தது. தொட முடியவில்லை. ஸ்டீல் பட்டை போட்ட வாட்ச் கட்டினால் எனக்கு மணிக்கட்டு தடிக்கும், அதனால்தான் வருஷக்கணக்கில் தோல் பட்டை என்பதெல்லாம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அந்த யோசனையிலேயே இருந்ததில் பதினோரு மணிக்கு போன் அடித்தபோது குல்லாவை மறந்துவிட்டேன்.

அவள் பேச ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள்.

"அப்பா, காதுல என்ன?"

"எங்க?"

"அப்பா."

"கம்மல்."

"தெரியுது. யாரோட கம்மல்?"

"உன்னோடதுதான். போட்டுப் பாத்தேன், எப்படி இருக்குன்னு."

அவள் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு நாளாகியிருந்தது. போன் ஆடியது, கூரை தெரிந்தது, மின்விசிறி தெரிந்தது. திரும்ப முகம் வந்தபோது சிரிப்பு பாதியாகியிருந்தது.

"காது வீங்கியிருக்குப்பா. கழட்டுங்க. இப்பவே. கழட்டிட்டுத் தேங்காயெண்ணெய் வைங்க. கொக்கி உங்களுக்கு ஒத்துக்கல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

முடியை ஒதுக்கித் தன் காதுப் பொட்டைத் தொட்டாள். பிறகு சொன்னாள்.

"எனக்கும் இப்படித்தான் ஆகும்."

"எப்பலேருந்து?"

"எப்பலேருந்துன்னா? காது குத்தினதுலேருந்து. அம்மா தங்கத்தைத் தவிர எதுவும் போட விட்டதில்ல. அந்த டப்பா வாங்கினதுகூட, பிளாஸ்டிக் கொக்கி போட்டுச் செய்யலாமான்னு பாக்கத்தான். சரியா வரல, விட்டுட்டேன்."

"நான் அனுப்பின முதல் ஜோடி?"

"ரெண்டு மணி நேரம் போட்டேன். ஒரு வாரம் எரிஞ்சுது."

"மத்ததெல்லாம்?"

"ரூம்மேட் ஒண்ணு எடுத்துக்கிட்டா. அப்புறம் ஆபீஸ்ல. சமைக்க வர்ற அக்காவுக்கு மீன் கம்மல்னா உசுரு. எல்லாரும் கேப்பாங்கப்பா, உங்கப்பா அடுத்தது எப்ப அனுப்புவார்னு. திரும்பிக்குதுன்னு மட்டும் சொல்வாங்க. நடுவுல ஒரு வளையம் போட்டுக்கிட்டாங்க."

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்க."

"நிறுத்தினா?"

"நிறுத்தினா ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்க?"

அவள் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. கடுமையாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது தமாஷாகச் சொல்லியிருப்பேன். எனக்கு அது கைவரும். சாப்பிட்டீங்களா என்று கேட்கிற அதே குரலில் கேட்டாள். மூன்று வருஷமாக அவளுக்கு ஒன்று அனுப்பிக்கொண்டிருக்கிறேன் என்று நான் நினைத்திருக்க, அவளோ எனக்குப் பொழுது போக வேண்டுமே என்று வாங்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மாதம் தவறாமல் மூன்று இதயங்கள் போட்டது, மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்பது போலத்தான்.

"சரி, எண்ணெய் வைக்கிறேன்" என்றேன். வைத்தேன்.

புனேயில் எனக்கு முகம் தெரியாத முப்பது சொச்சம் ஜோடிக் காதுகளில் என் கம்மல்கள் தொங்குகின்றன என்பது சந்தோஷப்பட வேண்டிய விஷயம். பட்டுப் பார்த்தேன். ஒரு நாள் முழுக்க முயற்சி செய்தும் வரவில்லை. எனக்கு வேண்டியிருந்தது முப்பது ஜோடிக் காது இல்லை. அதைச் சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது. மற்றவர்கள் போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்தால் போதும் என்று சொல்லத்தான் நானும் விரும்புகிறேன்.

வீக்கம் வடிந்த பிறகு பத்தரிடம் போனேன். துளை மூடாமலிருக்க அவர் ஒரு வேப்பங்குச்சியைச் சீவிச் செருகிவிட்டார். நல்ல வெள்ளியில் மெல்லிய கம்பி இழுத்துத் தரச் சொன்னேன். "அப்பனுக்கும் பொண்ணுக்கும் ஒரே தோல், உங்களுக்கு ஒத்துக்கிட்டா அவங்களுக்கும் ஒத்துக்கும்" என்று அவர் சொன்னதில் விஞ்ஞானம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கொக்கிகளை வளைத்து, முனையை உரசி மழுக்கி, அதே இலை, அதே பச்சை மணி, நடுவில் ஒரு வளையம். தகடும் இந்தத் தடவை வெள்ளி. ஜோடியில் ஒன்றைப் பத்து நாள் என் இடது காதில் போட்டுக்கொண்டேன். பிறகு கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு அடுத்ததைப் பத்து நாள்.

அதைப் போட்டுக்கொண்டே பஸ்ஸில் போனேன், ரேஷன் கார்டு விஷயமாக ஆபீசுக்குப் போனேன், பல் டாக்டரிடம் போனேன். பெங்களூரில் இதற்கெல்லாம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று நினைத்திருந்தேன். பார்த்தார்கள். ஆனால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இருபது நாளில் வாய்விட்டுக் கேட்டவர் ஹவுஸ் ஓனர் அம்மாள் மட்டும்தான்.

"என்ன தம்பி, இன்னொண்ணு தொலைஞ்சு போச்சா?"

"மேல இருக்கும்மா. அதோட முறை அடுத்த வாரம்."

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "சும்மா சொல்லல."

இருபது நாளும் காது அரிக்கவில்லை, சிவக்கவில்லை. காலையில் முகம் கழுவும்போது இலை கன்னத்தில் குளிர்ச்சியாகப் படும். கழற்றிக் கொதிநீரில் போட்டு எடுத்து, பஞ்சு வைத்து, கூரியரில் கொடுத்தேன். படம் எடுத்து அனுப்பவில்லை. இதயம் வேண்டாம் என்று இருந்தது. ஒரு சீட்டில் மட்டும், 'கொக்கி வெள்ளி. என் காதில் இருபது நாள் இருந்தது. ஒத்துக்காவிட்டால் சொல்லிவிடு' என்று எழுதி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வந்தது. அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. புதன், வியாழன், வெள்ளி, சனி.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு போன் அடித்தது. அவள் வீட்டில் இல்லை. ஏதோ வாசலில், வெயிலில், பின்னால் ஆட்டோக்கள் போக நின்றிருந்தாள். முடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள். இரண்டு காதிலும் இலை. நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா?" என்றேன்.

"புதன்கிழமைலேருந்து. ராத்திரிகூடக் கழட்டல. சொல்லிட்டு அப்புறம் வீங்கினா என்ன பண்றதுன்னு பாத்துட்டே இருந்தேன்."

"அரிக்குதா?"

"இல்லப்பா."

"சிவப்பா ஏதாவது?"

"இல்ல, பாருங்க." காதைக் கேமராவுக்கு மிக அருகில் கொண்டுவந்தாள். திரை முழுக்கக் காது. அதில் சின்னதாக மயிர், ஒரு மச்சம். மச்சம் இருப்பது எனக்குத் தெரியாது.

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். திரும்பினாள். இலை ஒரு சுற்று ஆடி மறுபடி நேராக நின்றது.

"அப்பா, எல்லாரும் வெயிட் பண்றாங்க. லோனாவாலாவுக்கு ட்ரிப் போறோம். போய்ட்டு வந்து பேசறேன், சரியா?"

"சரிடா. பாத்துப் போ."

போன் அணைந்தது. அவளிடம் சொல்ல வேண்டும் என்று நாலைந்து விஷயம் யோசித்து வைத்திருந்தேன். மணி பதினொன்று நாலு. ஞாயிற்றுக்கிழமை அப்படியே மிச்சமிருந்தது.